மானேவ இம்ப்ரெஷனிஸ்ட் லிஸ்ட்ல சேர்க்கலாமா?
மக்களே ஒரு ஹெல்ப். தங்கச்சி செமினாருக்கு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் (ஒரு கணத்துல தெரியற வெளிச்சத்தையும் நிறத்தையும் வேகமான பிரஷ் தீட்டல்ல பிடிச்ச 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு குரூப்) பத்தி ஸ்லைடு போட்டுட்டு இருக்கேன், எடுவார் மானேங்கற ஓவியர்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன். 1874ல பாரீஸ்ல மொனே, ரெனுவார், டெகா, பிஸாரோ, பெர்த் மொரிஸோ எல்லாம் சேர்ந்து சொந்தமா கண்காட்சி வெச்சாங்கல்ல, அதுல இருந்து 1886 வரைக்கும் நடந்த எட்டுல ஒண்ணுத்துல கூட மானே படம் வைக்கல, சலோன்லயே (பாரீஸ்ல நடந்த அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி) ஜெயிச்சு காட்டணும்னு நின்னுட்டார், ஆனா புக்ல பார்த்தா அவர்தான் முதல் ஆளா வர்றார். எட்டுலயும் வெச்ச ஒரே ஆள் பிஸாரோ, அவர யாரும் கண்டுக்கறதில்ல (எனக்கு அவர்தான் ஃபேவரிட்). டெகாவுக்கோ வெளில போய் வரையறதே பிடிக்காது. அப்போ எத வெச்சு இவங்கள ஒரே குரூப்னு சொல்றது, கண்காட்சியா இல்ல பிரஷ் ஸ்டைலா? மானேவுக்கு தனி ஸ்லைடு போட்டா சரியா இருக்குமா? மொரிஸோவோட 'தொட்டில்' தவிர வேற எந்த படம் காட்டலாம்னும் சொல்லுங்க, வியாழக்கிழமை செமினார்.