ஏலத்துக்கு வந்துள்ள பிளெமிஷ் மலர் ஓவியம்: ‘வட்டத்தைச் சேர்ந்தவர்’ என்ற குறிப்பை நம்பி வாங்கலாமா?

மரப்பலகை:
ஐரோப்பிய ஏலம் ஒன்றில் அடுத்த மாதம் விற்பனைக்கு வரும் ஓவியத்தைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம். கண்ணாடிக் குவளையில் துலிப், ரோஜா, ஐரிஸ், நார்சிஸஸ். மேசை விளிம்பில் ஒரு கம்பளிப்புழு. கையொப்பம் இல்லை. ‘பிளெமிஷ் மரபு, 17-ஆம் நூற்றாண்டு, இளைய யான் புரூகலின் வட்டம்’ என்று ஏலப்பட்டியல் கூறுகிறது. புரூகல் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஓவியர். இலைகள் பச்சையாக இல்லாமல் சாம்பல் படர்ந்த நீலமாக இருப்பது எனக்கு உறுத்தலாக உள்ளது.

செங்காந்தள்:
ஐயா, வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏல வழக்கில் ‘பட்டறை’ என்றால் ஆசிரியரின் கூடத்தில், அவர் மேற்பார்வையில் உருவாகியிருக்கலாம் என்று பொருள். ‘வட்டம்’ என்பதோ அவர் காலத்தில், அவர் தாக்கத்தில் தீட்டிய பெயர் தெரியாத ஒருவர் என்ற அளவுக்குத்தான் உறுதி தருகிறது. அந்தச் சொல்லுக்குள் நல்ல ஓவியரும் அடங்குவார், சாதாரண நகலாளரும் அடங்குவார். மேலும், இளவேனிலில் பூக்கும் நார்சிஸஸும் ஜூனில் பூக்கும் ரோஜாவும் ஒரே குவளையில் இருப்பதால், இது நேரில் பார்த்துத் தீட்டியதல்ல, வேறொரு படத்தைப் பார்த்து எழுதியது என்று கருதுகிறேன். நீல இலைகள் பிற்காலத்தில் எவரோ மேலே பூசியவையாக இருக்கக்கூடும்.

நிறமி:
‘வட்டம்’ பற்றிச் செங்காந்தள் சொல்வது சரி. மற்ற இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அக்கால ஓவியர்கள் பலர் நீலத்துடன் தாவரச் சாயத்திலிருந்து எடுத்த மஞ்சளைச் சேர்த்தோ, அதன்மேல் மெல்லிய படலமாகப் பூசியோ இலைப்பச்சையை உண்டாக்கினார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மங்கிப்போக, நீலம் மட்டும் எஞ்சுகிறது. 17-ஆம் நூற்றாண்டு மலர் ஓவியங்களை அருங்காட்சியகங்களில் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த நீல இலைகள் பழக்கமானவை.

பருவங்கள் கலப்பது இந்த ஓவிய வகையின் இயல்பு. இளையவரின் தந்தையான மூத்த யான் புரூகல் 1606-இல் மிலான் கர்தினால் ஃபெதெரிகோ பொரோமெயோவுக்காக ஒரு பெரிய மலர்க்கொத்தைத் தீட்டினார். ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத மலர்களை நேரில் பார்த்து வரைவதற்காகப் பிரஸ்ஸல்ஸ் வரை சென்றதாக அவரே கர்தினாலுக்கு எழுதினார். ஒவ்வொரு மலரும் பூக்கும் வரை காத்திருந்து தீட்டியதால்தான் வெவ்வேறு மாதத்துப் பூக்கள் ஒரே குவளையில் சேர்ந்தன. அந்தப் படம் இன்றும் மிலானின் அம்புரோசியானா ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் எதிரே நின்று பார்த்தால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய உழைப்பு என்பது புரியும். 1625-இல் தந்தை இறந்த பிறகு, பட்டறையை ஏற்ற மகன் அதே மலர்களைத் தம் படங்களில் மீண்டும் மீண்டும் கையாண்டார்.

செங்காந்தள்:
பருவம் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மகன் திரும்பத் தீட்டியதை நூறாண்டு கழித்து வந்த நகலாளரும் திரும்பத் தீட்டியிருக்கலாம் அல்லவா? அந்த நீலம் புருஷ்யன் நீலமாக இருந்தால், அது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்டது என்பதால், மூலப் படலத்திலேயே அது காணப்படும் பட்சத்தில் 17-ஆம் நூற்றாண்டு என்ற குறிப்பு அங்கேயே விழுந்துவிடும். இதற்கு ஒரு நிறமிச் சோதனை போதும். பலகையின் பின்புறப் படமும் பட்டியலில் இல்லை. ஆண்ட்வெர்ப் பலகைகளில் கோட்டையும் இரு கைகளும் கொண்ட நகர முத்திரையைச் சுட்டுப் பதிப்பார்கள். 1617 முதல் பலகை செய்தவர் தம் சொந்த முத்திரையையும் இட வேண்டும் என்று விதி வந்தது. அதைக் காட்டாமல் விலை மட்டும் கேட்பது முறையாகாது.

மரப்பலகை:
நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பின்புறத்தைப் பிற்காலத்தில் சீவி மெலிதாக்கி, பலகை வளையாமல் இருக்க மரச்சட்டங்கள் ஒட்டியிருப்பதால் முத்திரை எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். நிறமிச் சோதனை செய்யவில்லையாம். பெரிதாக்கிய படங்கள் அனுப்பினார்கள், இங்கே இணைத்திருக்கிறேன்.

நிறமி:
சீவிய பலகையில் முத்திரை இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மர வளையங்களைக் கணக்கிட்டாலும், இந்த ஆண்டுக்கு முன் இந்த மரம் வெட்டப்பட்டிருக்க முடியாது என்றுதான் தெரியும். பழைய பலகையில் பின்னாளில் தீட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. எனவே நான் தீட்டியவரின் கையை, அதாவது தூரிகை நடையைப் பார்க்கிறேன். ஐரிஸ் இதழின் ஓரத்தில், கீழ்ப்படலம் ஈரமாக இருக்கும்போதே இழுத்த ஒரே தூரிகைக் கோட்டில் இதழ் மடிவதும் நிழல் விழுவதும் சேர்ந்து வந்திருக்கின்றன. நகலாளர் பெரும்பாலும் முதலில் எல்லையை வரைந்துகொண்டு பிறகு நிரப்புவார். மூத்த புரூகலின் மாணவரான டேனியல் செகெர்ஸ் போல, ஆண்ட்வெர்ப்பில் மலரை அறிந்து தீட்டிய கைகள் பல இருந்தன. பெயர் கிடைக்காத அத்தகைய ஒரு கை இது என்று நம்புகிறேன்.

செங்காந்தள்:
ஐரிஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே படத்தில் கீழ் வலப்பக்க ரோஜாவின் இதழ்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போலத் தட்டையாக உள்ளன. இரண்டையும் தீட்டியது ஒரே கையா, அல்லது ரோஜா பிற்காலப் பூச்சா? புற ஊதா விளக்கில் எடுத்த படத்தைக் கேளுங்கள் ஐயா. வார்னிஷுக்கு மேல் பின்னாளில் பூசிய இடங்கள் அதில் கருமையாகத் தெரியும். அதைத் தர மறுத்தால், ‘வழிவந்தவர்’, அதாவது மாணவராக இல்லாமல் அவர் பாணியில் மட்டும் தீட்டியவர், என்ற குறிப்புக்குரிய விலைக்கு மேல் ஒரு யூரோவும் கேட்காதீர்கள்.

நிறமி:
அந்த ரோஜா எனக்கும் உறுத்துகிறது. புற ஊதாப் படம் வரட்டும். ரோஜா மட்டும் பூச்சாக இருந்து ஐரிஸ் தப்பினால், நான் சொன்னதில் உறுதியாக நிற்பேன்.

மரப்பலகை:
இன்று மாலையே எழுதுகிறேன். படம் கிடைக்காவிட்டால் ஏலத்தில் கலந்துகொள்ள மாட்டேன்.