யாழ்ப்பாணத்து லோங் சுவாமி யார்? அம்மப்பாவின் நோட்டில் இருந்த பெயர்

பாம்பாறு_பேத்தி (ஊத்தங்கரை)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அம்மப்பா போன வருடம் தவறிவிட்டார். அடுத்த மாதம் முதலாம் ஆண்டுப் பூசை. பூசை முடிந்ததும் அவரைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

1990இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து பஸ்ஸில் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு 54 வயது. ஊரில் கிளாக்கர் வேலை பார்த்தவர், இங்கே கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுத வேண்டும் என்றால் முகாமே அவரிடம்தான் வரும்.

அவர் வாயில் அடிக்கடி வரும் பெயர் லோங் சுவாமி. நான் கையெழுத்தைக் கிறுக்கினால், "லோங் சுவாமியிடம் இதைக் காட்ட முடியுமா?" என்பார். சின்ன வயதில் யாரோ உயரமான சாமியார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

இப்போது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நீள நோட்டு கிடைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில், ரூலர் வைத்துக் கோடு போட்டு, புனித பத்திரிசியார் கல்லூரி, யாழ்ப்பாணம், ரெக்டர் லோங், 1936–1954 என்று எழுதியிருக்கிறார். அடுத்த பக்கங்களில் முகாம் பிள்ளைகளின் பெயர்கள், எண்கள், தேதிகள். மண்டிக் கணக்கு மாதிரி தெரியவில்லை. இந்தச் சுவாமி யார்? பள்ளிக்கூடம் விட்டு அத்தனை வருடம் கழித்தும் அவர் பெயரை எதற்காக எழுதி வைத்தார்?

வாணியாறு_மாலைவகுப்பு

பிள்ளை, உங்கள் அம்மப்பாவும் நானும் ஒரே வளவில் படித்தவர்கள். அவர் ஐம்பதுகளில் வெளியே போனவர், நான் அறுபதுகளில் உள்ளே போனவன். நான் லோங் சுவாமியைக் கண்டதில்லை. ஆனால் எங்களுக்குப் படிப்பித்த பலர் அவருடைய மாணவர்கள். அதனால் அவர் பெயரைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது.

முழுப்பெயர் திமோத்தி லோங். அயர்லாந்துக்காரர், அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு. லோங் என்பது குடும்பப் பெயர், உயரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கல்லூரியின் தொடக்கம் 1850. அதிபரை நாங்கள் ரெக்டர் என்றுதான் சொல்வோம். சார்ள்ஸ் மத்தியூஸ் சுவாமிக்குப் பிறகு, 1936இல் இவர் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

நோட்டில் இருக்கும் அந்த இரண்டு வருடங்களைக் கொஞ்சம் பாருங்கள். பதினெட்டு வருடம். இரண்டாம் உலகப்போர் வந்து போனது. 1948இல் வெள்ளைக்காரன் ஆட்சி போனது. அத்தனைக்கும் நடுவில் ரெக்டர் மாறவில்லை. அரிவரியில் சேர்ந்த பிள்ளை மேல்வகுப்பு முடித்து வெளியேறும்வரை ஒரே தலைவர்; அண்ணனைத் தெரிந்தவருக்குத் தம்பியையும் தெரியும். நான் இங்கே முகாம் பிள்ளைகளுக்கு முப்பது வருடத்துக்கு மேல் மாலை வகுப்பு எடுக்கிறேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் மாறிப்போகிற பள்ளியில் நல்லவர் வந்தாலும் வேர் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. என் அனுபவத்தில் இது உறுதி.

ஆனால் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது கல்லூரி மதிலுக்கு வெளியே அவர் செய்த வேலையால்தான். 1933இல் கே. எம். செல்லப்பா சிறிதாகத் தொடங்கியதுதான் யாழ்ப்பாணப் பொதுநூலகம். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டும் என்று மேயர் சாம் சபாபதியோடு சேர்ந்து பாடுபட்டவர்களில் லோங் சுவாமி முக்கியமானவர். ஆலோசனை சொன்னவர் உங்கள் தமிழ்நாட்டுச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். வரைபடம் போட்டவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு. முகப்பில் சரஸ்வதி அமர்ந்திருக்கும் அந்த வாசலுக்காக ஒரு கத்தோலிக்கக் குரு அலைந்திருக்கிறார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகம் போதும் என்று அவர் நினைக்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனார், 1961இல் அங்கேயே காலமானார்.

1981 மே 31 இரவு அந்த நூலகம் எரிக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள். எரிவதைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர்விட்டார். எனக்கு அப்போது 28 வயது. சூடு ஆறிய பிறகு போனேன். கருகிய தாள்கள் புல்லில் கிடந்தன. கறுப்புத் தாளில் எழுத்து மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது, வாசிக்கவும் முடிந்தது. ஒரு வரியை வாசித்துவிட்டு எடுக்கக் குனிந்தேன். விரல் பட்டதும் பொடியாகிவிட்டது. எந்தப் புத்தகம் என்று இன்றுவரை தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெயர், எண், தேதி என்று சொன்னீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தேதி இருக்கிறதா? இரண்டாவது தேதி பத்துப் பதினைந்து நாள் தள்ளி இருக்கிறதா? அம்மப்பா வீட்டில் புத்தகம் வைத்திருந்தாரா? பார்த்துச் சொல்லுங்கள் பிள்ளை.

கோவிலூர்_பங்கு

தங்கச்சி, நான் தர்மபுரிப் பக்கத்துக் கோவிலூர்க்காரன். எங்கள் பக்கம் மறைப்பணி செய்தவர்கள் பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைப் பிரெஞ்சுக் குருக்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் வந்தது, 1997இல் அதிலிருந்து தர்மபுரி பிரிந்தது. எங்கள் வீட்டிலும் தாத்தாமார்கள் பிரெஞ்சுச் சாமியார் பெயரை இப்படித்தான் சொல்வார்கள். அதனால் உங்கள் அம்மப்பாவை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இரண்டு விஷயம் மட்டும். நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துச் சிறப்பு மலர்களும் பழைய பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. கல்லூரி பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம், நினைவு அட்டை அடிக்கக் கொடுத்தால் பிரஸ்காரர் எழுத்துப் பிழை என்று நினைத்து "லாங்" என்று மாற்றிவிடுவார். "லோங்" என்றே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அம்மப்பா வாயில் வந்த மாதிரியே இருக்க வேண்டும்.

பாம்பாறு_பேத்தி (ஊத்தங்கரை)

ஐயா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், இரண்டு தேதிதான். பதினான்கு நாள் இடைவெளி.

எங்கள் பத்துக்குப் பத்து அறையில் கதவுக்கு மேலே ஒரு பலகை உண்டு. அதில் அம்மப்பா புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார். மண்டியில் கொடுக்கும் பெரிய காலண்டரின் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, முதுகில் எண் எழுதியிருப்பார். பிள்ளைகள் வந்து வாங்கிப் போவார்கள். கையைக் கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். எனக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. அதற்கு ஒரு பதிவேடு இருக்கும் என்றோ, அதன் தலைப்பில் ரெக்டர் பெயரைப் போட்டிருப்பார் என்றோ நினைத்ததே இல்லை.

நேற்று இரவு நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். முதல் தேதி 1991 ஜனவரி. கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் இரண்டாவது தேதி இருக்கிறது. எட்டாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு மட்டும் இல்லை. புத்தகம் எண் 23, பெயர் என் அம்மாவுடையது. அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். காலண்டர் அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.