கொசுவோட மரபணு படிக்கணுமாம் தங்கச்சி. அனுப்பலாமா?

காரட்தோட்டம் (கோத்தகிரி):
வணக்கம்ங்க. நமக்குத் தோட்டம்தான் தொழில். தங்கச்சி கோயம்புத்தூர்ல எம்.எஸ்ஸி. விலங்கியல் முடிக்கப் போகுது. அடுத்தது கொசுவோட மரபணு ஆராய்ச்சிதான்னு ஒத்தக் கால்ல நிக்குது. "கொசுவே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கொசுவைத் தேடிப் போறியாடி"ன்னு அம்மா ரெண்டு நாளா சரியாப் பேசல. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடோட போய் ஒரு ராத்திரி தங்குனா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும், அதனால எனக்கும் மனசு ஒப்பல. இதுல வேலை இருக்கா? வியாதி ஒட்டிக்குமா? இந்தத் துறையில இருந்தவங்க உள்ளதைச் சொல்லுங்க.

சீகூர் மைனா:
கொசுவே இல்லாத ஊரா? மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைப் பிடிச்ச ரொனால்ட் ராஸே ஊட்டிக்கு லீவுல வந்து, மலையடிவாரத்துல இருக்கற எங்க சீகூர் பக்கம் போய் மலேரியாவுல படுத்தவர்ங்க. அதுக்கப்புறம்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்னிக்கு செகந்திராபாத்துல கொசு வயித்துக்குள்ள ஒட்டுண்ணியைப் பார்த்தார். 1902-ல நோபல். அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. வேலை விவரம் நமக்குத் தெரியாது.

ரிட்டயர்டு கொசுக்காரி (குன்னூர்):
தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல கொசுவோட குரோமோசோமை, அதான் மரபணுவைச் சுமக்கற இழையைப் பார்த்தே சோறு தின்னவ.

முதல்ல அம்மா சொன்னதுக்கு வர்றேன். நம்ம மலையில கொசு இருக்கு. மலேரியா ஒட்டுண்ணிதான் இந்தக் குளிர்ல கொசு உடம்புக்குள்ள முதிராது. குளிரைக் கொஞ்சம் தாங்கற வைவாக்ஸ்ங்கற ஒட்டுண்ணி வகைக்கே சுமார் 16 டிகிரியாவது வேணும். அது முதிர்றதுக்குள்ள கொசுவுக்கு ஆயுசு முடிஞ்சிடும்.

இனி வேலை. அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ்னு ஒரு கொசு, நம்ம நாட்டுக் கிராமங்கள்ல மலேரியா பரப்புறதுல பெரிய கை. கண்ணுக்கு ஒரே கொசு, உள்ள ஏ, பி, சி, டி, ஈன்னு அஞ்சு இனம். டெல்லியில சரளா சுப்பாராவ் மாதிரி விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா உக்காந்து பிரிச்ச சமாச்சாரம் இது. விடியறதுக்கு முன்னாடி மாட்டுக்கொட்டகையில டார்ச்சும் உறிஞ்சு குழாயுமா நின்னு, ரத்தம் குடிச்ச பெட்டையாப் பார்த்துப் பிடிக்கணும். வயிறு பாதி செவப்பு, பாதி வெளுப்புன்னு ஆகற பக்குவத்துல சினைப்பையை ஊசியால உருவி, சாயம் ஏத்தி, மேல கண்ணாடி வில்லையை வச்சுக் கட்டைவிரலால ஒரு அமுக்கு. மைக்ராஸ்கோப்புல பவானி ஜமக்காளம் விரிச்ச மாதிரி பட்டை பட்டையா குரோமோசோம் கிடக்கும். பட்டை வரிசை எங்க தலைகீழாத் திரும்பியிருக்குன்னு பார்த்து இனம் சொல்லணும்.

இதுல பி-க்கும் ஈ-க்கும் பட்டை ஒண்ணுபோல இருக்கும். பி பெரும்பாலும் மலேரியாவை அவ்வளவாக் கடத்தாது. ராமேஸ்வரம் தீவுல இருக்கற ஈ இனம் கடத்தும். வித்தியாசம் ஆணுக்கு மட்டுமே இருக்கற ஒய் குரோமோசோம்ல இருக்கு. அப்போ பிடிச்ச பெட்டையை என்ன செய்ய? ஒவ்வொண்ணையும் தனிக் குப்பியில விட்டு முட்டையிட வச்சு, புழு வளர்த்து, மகனோட மூளையைப் பிரிச்சுப் பார்த்துத்தான் தாய் எந்த ஜாதின்னு சொல்வோம்! இது வெட்டி வேலை இல்ல தம்பி. அஞ்சையும் ஒரே கொசுன்னு கணக்கு எழுதினா மருந்தடிக்கற இடமே தப்பாயிடும்.

ஒரு தடவை பதினோரு பெட்டை பிடிச்சு வந்தேன். நாலுதான் முட்டை வச்சுது. அன்னிக்கு ராத்திரி மேசைக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்க மறந்துட்டேன். காலையில முட்டைத் தாள் மேல எறும்பு சாரி. மூணு குடும்பம் போச்சு. அன்னிக்கு அழுததை எங்க வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக் காட்டுவார். இப்போ டி.என்.ஏ.வை வச்சு இனம் பிரிக்கற பி.சி.ஆர். சோதனை வந்துட்டுது, ஒரு கால் கிடைச்சாலே போதும். எறும்பு மட்டும் அப்படியேதான் வருது.

வியாதி பயம் பெருசா வேண்டாம். மலேரியா முட்டை வழியா இறங்காது, ஆய்வகத்துல முட்டையிலிருந்து வளர்ந்த அனோபிலிஸ்ல அது இருக்காது. வெளியில பிடிக்கப் போறப்பதான் முழுக்கைச் சட்டையும் ஜாக்கிரதையும்.

சம்பளம்தான் கசப்பு. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000. பி.எச்டி. முடிஞ்சப்புறம் நிரந்தர வேலை கொஞ்சம்தான், மத்ததெல்லாம் திட்டம் இருக்கற வரைக்கும். நான் இருந்த ஒரு இடத்துல ஏழு மாசம் பணம் வரல, தாலிக்கொடி அடகுக்கடை வரைக்கும் போய் வந்தது. திட்டமும் நம்ம கையில இல்ல. டெல்லியில உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, கொசுப் பெருக்கத்தைக் குறைக்க மலட்டு ஆண்கொசு விடற ஆராய்ச்சி நடத்தினாங்க. உயிரியல் போருக்கு ஒத்திகைன்னு பத்திரிகையில புரளி கிளம்பி, 1975-ல மூடியாச்சு. ஊர் ஜனங்களுக்கு முன்னாடியே உக்காந்து சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணம். உங்க தங்கச்சிக்கு வாய் இருக்கா? மைக்ராஸ்கோப்பை விட அது முக்கியம்.

புதுச்சேரியில, நோய் பரப்பற பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராய்ச்சி செய்யற வி.சி.ஆர்.சி. மையத்துல பொதுச் சுகாதாரப் பூச்சியியல்னே ஒரு எம்.எஸ்ஸி. நடத்தறாங்க. பி.எச்டி.யில இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு.

காரட்தோட்டம் (கோத்தகிரி):
ரொம்ப நன்றி மேடம். சத்தமா வாசிச்சேன். அந்த எறும்பு கதைக்கு அம்மா "ச்சூ"ன்னாங்க, ரெண்டு நாள்ல முதல் சத்தம். வாய்க்கு இவகிட்ட குறைச்சலே இல்ல. தோட்டத்து டிரம்முல நெளியற புழுவை டம்ளர்ல பிடிச்சு வந்து வச்சிருக்கா, மலேரியாக் கொசுவான்னு கேக்கச் சொல்றா.

ரிட்டயர்டு கொசுக்காரி (குன்னூர்):
ஆட்டாம வச்சுப் பாக்கச் சொல்லு. தண்ணி மட்டத்தோட ஒட்டிப் படுத்திருந்தா அனோபிலிஸ், மலேரியா பரப்பற கொசு வகை அதுதான். வாலை மேல வச்சுத் தலைகீழாத் தொங்கினா கியூலெக்ஸ், இல்லேன்னா ஏடிஸ்.

காரட்தோட்டம் (கோத்தகிரி):
தொங்குது மேடம். எத்தனைன்னு எண்றதுக்குள்ள அம்மா டம்ளரைப் பிடுங்கிட்டாங்க.