கொல்லையில் கொத்தமல்லி: தழை எடுத்த செடியிலேயே தனியாவும் எடுக்கலாமா?

திருவையாற்று வாசகி:
அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மழை ஓய்ந்தபின், மார்கழி முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பாத்திகளில் கொத்தமல்லி விதைத்தேன். தை முழுவதும் தழைக்குக் குறைவில்லை. மாசி பிறந்ததும் தண்டு நீண்டு, மேல் இலைகள் நூலிழையாக மெலிந்து, பூ வந்துவிட்டது. பூவைக் கிள்ளினால் மீண்டும் தழை பிடிக்குமா, அல்லது தனியாவுக்கு விட்டுவிடலாமா? சென்ற ஆண்டு காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து வெயிலில் காயவைத்தேன். பாதி சுருங்கிப்போயிற்று, மீதியை விதைத்தபோது சரியாக முளைக்கவும் இல்லை.

மன்னார்குடி விவசாயி:
வணக்கம் அம்மா. வெயில் ஏறி, பகல் நீளத் தொடங்கினால் கொத்தமல்லி பூவுக்குத் திரும்பிவிடும். கிள்ளினாலும் பழைய அகன்ற இலை வராது. ஆகவே விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாச் செடிகளையும் விட வேண்டாம். முதலில் பூத்தவற்றை வேரோடு பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசியாகப் பூக்கும் பத்துப் பன்னிரண்டு செடிகளை மட்டும் விதைக்கு நிறுத்துங்கள். தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோவதால், அவசரமாகப் பூக்கும் செடிகள் பக்கத்தில் நின்றால் அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்கும் வந்துவிடும். தழைக்காகவே வளர்ப்பவர்களுக்கு இது மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். விதைக்கு நிறுத்திய செடியில் இனித் தழை பறிக்காதீர்கள். காய் திரள இலை வேண்டும்.

கும்பகோணத்து வாசகர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். சென்ற ஆண்டு நேர்ந்த இழப்புக்கு முற்றாத காயே காரணம். விதைத்த நாளிலிருந்து தழைக்கு 40 நாள் போதும். தனியாவுக்கு 90 முதல் 110 நாள் ஆகும், அதாவது பங்குனி வரை பொறுத்திருக்க வேண்டும். மூக்கே நல்ல அளவுகோல்: பச்சைக் காயை நசுக்கினால் தழையின் காட்டமான வாசம்தான் வரும், முற்றிய காயில் அது மறைந்து, குழம்புப் பொடியின் இனிய மணம் எழும். நடுக்கொத்து முதலில் பழுப்பாகும், பக்கக் கொத்துகள் பின்தங்கும் என்பதால், ஒரே நாளில் அறுக்காமல் இரண்டு மூன்று முறையாக வெட்டுங்கள். பனியின் ஈரம் இருக்கும் காலையில் வெட்டினால் காய் உதிராது. கொத்துகளைத் துணிப்பையில் தலைகீழாக இட்டு நிழலில் தொங்கவிட்டு, நன்கு உலர்ந்தபின் கையால் கசக்கி முறத்தில் புடைத்தெடுங்கள்.

திருவையாற்று வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. முதல் பாத்தியை நாளையே பிடுங்கிவிடுகிறேன். விதைக்கும்போது தனியாவை முழுதாகவே போட்டேன், அதுவும் தவறா?

மன்னார்குடி விவசாயி:
முழுதாகவும் முளைக்கும், ஆனால் ஒரு தனியாவுக்குள் இரண்டு விதைகள் இருப்பதால், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைப்பது நல்லது. நம் களிமண்ணில் நீர் தேங்கினால் விதை அழுகிவிடும். மேட்டுப்பாத்தி அமைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள்.