சன்னலுக்கு மேலே துளை போட கார்டுலெஸ் டிரில் போதுமா?

புது வீட்டுக்குக் குடிபோனதும் திரைச்சீலைக் கம்பி மாட்டத்தான் பலர் பேட்டரியில் ஓடும் கார்டுலெஸ் டிரில் வாங்கக் கிளம்புகிறார்கள். அந்தக் கம்பி வருவது சன்னலுக்கு மேலே. சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் விட்டமான லிண்டல் ஓடுவதும் அங்கேதான். அதனால் எத்தனை வோல்ட் என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சுவர் என்று பாருங்கள்.

தம்பியிடம் 12 வோல்ட் டிரில் இருக்கிறது. கைக்கு அடக்கமானது. அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்ட, பிளைவுட்டில் ஸ்குரூ இறக்க இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறோம். என்னுடையது ஹேமர் உள்ள 18 வோல்ட். ஹாலில் செங்கல் சுவரில் 6 மி.மீ. பிட் வைத்தபோது முதலில் பூச்சின் சாம்பல் தூள் வந்தது, அரை அங்குலம் போனதும் சிவப்புத் தூள் கொட்டியது. அப்புறம் பிட் சரசரவென்று உள்ளே போய்விட்டது. சன்னலுக்கு மேலே கடைசிவரை சாம்பல் தூள்தான். ஜல்லி ஒன்று குறுக்கே வந்ததும் பிட் நின்ற இடத்திலேயே சுற்றியது, முனை கொதித்தது.

காரணம் இதுதான்: இந்த வகை டிரில்லில் ஹேமர் என்பது இரண்டு பல் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதிப்பது. அடி சின்னது, நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் வேலை நடக்கும். ரோட்டரி ஹேமர் என்கிற கனமான மெஷினிலோ உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்த வேகத்தில் பிட்டை அடிக்கிறது. நாம் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு அடிப்பக்கத்தில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட் தனியாக வேண்டும். தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் இரவல் வாங்கி லிண்டல் வேலையை முடித்தோம். வாடகைக்கும் கிடைக்கிறது. எப்போதாவது வருகிற வேலைக்கு அந்தக் கனமான மெஷினை வாங்கி வைக்க வேண்டாம் என்பேன்.

வீட்டுக்கு 18 வோல்ட், 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்), ஹேமர் இருந்தால் தாராளம். கடையில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று காட்டினால் கூடுதல் சக்தி என்று நினைக்காதீர்கள். இரண்டின் பேட்டரியிலும் வரிசையாக இருப்பது ஐந்து செல்தான். முழு சார்ஜில் அளந்தால் 20, வேலை செய்யும்போது 18.

—

மேலே சொன்னவர் பேட்டரியை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். டிரில் வாங்கும்போதே அடுத்து என்ன மெஷின் வாங்குவீர்கள் என்று யோசியுங்கள். டிரில்லின் பேட்டரியே பொருந்தும் என்பதால் நான் பின்னால் கிரைண்டரைப் பேட்டரி இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினேன், செலவு நன்றாகவே குறைந்தது. ஒரே கம்பெனி, ஒரே வோல்ட் என்பதும் போதாது. பாஷில் நீல வரிசையின் 18 வோல்ட் பேட்டரி பச்சை வரிசை மெஷினில் உட்காராது. கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே பிட் வைக்காதீர்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் சுவருக்குள் இறங்கும்.