முதல் பிள்ளைக்காகக் காத்திருந்த நாள்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு தருணம் (பர்மாவின் பல ஊர்த் தமிழர்கள் எழுதியவை)

தாமுவே, ரங்கூன்

2021 மார்ச்சு மாதம், இராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுமாதம். அப்போது ஊர் இருந்த நிலையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரவு 8 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை ஊரடங்கு. மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். ஆனால் வலி எந்த நேரத்தில் எடுக்கும் என்பதை யாரால் குறித்துத் தர முடியும் என்ற கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தெருவில் குடியிருந்த பர்மிய டாக்சி ஓட்டுநர் ஒருவர் தாமாகவே வந்து, "தம்பி, காரை உங்கள் வாசலில் நிறுத்திக்கொள்கிறேன், எந்நேரமானாலும் எழுப்புங்கள்" என்று சொல்லி, எங்கள் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் இரவு, இரண்டு மணிக்கு அவரை எழுப்பினேன்.

முதல் சோதனைச் சாவடி தெரிந்ததுமே அவர் முன்விளக்கை அணைத்து, காருக்குள் இருக்கும் விளக்கைப் போட்டு, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். என் மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. இரண்டு பேருடைய அடையாள அட்டைகள், குடும்பப் பட்டியலின் (வீட்டில் குடியிருப்போரின் அரசுப் பதிவு) நகல், மருத்துவமனைப் புத்தகம், ஸ்கேன் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு மாதமாக அடுக்கி வைத்திருந்தேன்; எதை எந்த வரிசையில் நீட்டுவது என்றுகூட ஒத்திகை பார்த்திருந்தேன். சிப்பாயின் டார்ச் வெளிச்சம் கோப்பில் விழுந்து, மனைவியின் வயிற்றுக்கு நகர்ந்து, முகத்துக்குப் போயிற்று. அந்த வெளிச்சத்தில்தான் இருக்கையின்மேல் அவள் கை என் பக்கமாக நீண்டிருப்பதைக் கண்டேன். என் இரண்டு கைகளும் கோப்பைப் பிடித்திருந்தன. நான் விடவில்லை. அவள் கை மெல்லத் திரும்பிப் போய்க் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டது.

ஒரு தாளைக்கூட வாங்கிப் பார்க்காமல் எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஓட்டுநர் காசு வாங்க மறுத்துவிட்டார். இவ்வளவு நடந்தும், அந்தக் கை திரும்பிப் போனதுதான் இன்றுவரை என் கண்முன் நிற்கிறது.

பெகு

தாமுவே அண்ணன் கோப்பைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். என் மனைவியின் இரத்த வகை ஓ நெகட்டிவ். குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் இருக்க 28 ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், பிறக்கும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் எந்த மருந்துக் கடையிலும் அப்போது அந்த ஊசி கிடைக்கவில்லை. ரங்கூனுக்குப் போய் வாங்கினேன். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிடவும் கூடாது. ஆகவே, ஊசிக் குப்பியை ஒரு சிறிய டப்பாவில் போட்டு, பழைய கைலித் துணியால் சுற்றி, பனிக்கட்டி நேராகப் படாதபடி பிளாஸ்க்குக்குள் வைத்து, ஒரு தெர்மாமீட்டரையும் உடன் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறக்குறைய ஐம்பது மைல். லேகுவுக்கு அருகில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. வெயிலில் தெர்மாமீட்டர் 6 காட்டியது, பிறகு 7 காட்டியது. சாலையோரம் கரும்புச் சாறு விற்ற ஒரு பர்மியப் பெண்மணியிடம் போய்ப் பனிக்கட்டி கேட்டேன். மருந்துக்கு என்றதும், சாக்கிலிருந்த கட்டியை மரக்கட்டையால் தட்டி உடைத்து, பிளாஸ்க்கின் வாய்க்குள் போகும் அளவுக்குப் பொடியாக்கித் தன் கையாலேயே போட்டுவிட்டார்.

இதை வெற்றிக் கதையாகவே உறவினர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. மறுநாள் ஊசி போடும் இடத்தில் சயாமா (நர்ஸ் அம்மா) என்னைப் பார்த்து, "உங்கள் இரத்த வகை என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார். தகப்பனும் நெகட்டிவாக இருந்தால் அந்த ஊசிக்கே தேவை இராது என்று பிறகு பொறுமையாக விளக்கினார். ஆறு மாதமாக மனைவியை மாதந்தோறும் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவள் இரும்புச்சத்து அளவு முதற்கொண்டு எனக்கு மனப்பாடம். என் இரத்தமும் அந்தக் குழந்தைக்குள் ஓடப்போகிறது என்பது ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. (சோதித்தபோது பாசிட்டிவ் என்று வந்தது. ஊசி வீண்போகவில்லை.)

மோல்மேன்

தாமுவேத் தம்பி வருந்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கோப்புக்காகத்தான் அவர் விழித்திருந்தார். அன்று தாள்களைக் கேட்டிருந்தால், கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்ன செய்திருப்பான்? பிரசவ நேரத்தில் கையைப் பிடிக்கப் பெண்கள் இருப்பார்கள். வாசலில் நிற்பதுதான் தகப்பனின் வேலை.

என் கதை சிறியது. மூத்த மகள் பிறந்தது 1991 இல். பிறந்த கிழமைக்கு ஏற்றபடி ஒரு பர்மியப் பெயரைக் குடும்பப் பட்டியலில் எழுதினோம். நட்சத்திரத்துக்கு ஏற்றபடி ஒரு தமிழ்ப் பெயரை வீட்டில் வைத்தோம். பள்ளியில் சேர்த்தபோது அந்தத் தமிழ்ப் பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து வயதில் அடையாள அட்டைக்குப் போனபோது, எழுத்தர் இரண்டு தாள்களையும் அவள் முன்னால் வைத்து, "இதில் நீ யார்?" என்று கேட்டார். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் சரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் என்னைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஆகவே காத்திருக்கும் தம்பிகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே உங்கள் குடும்பப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திருமணமாகி வந்த மனைவியின் பெயர் தாய்வீட்டுப் பட்டியலிலேயே இருந்தால், இப்போதே மாற்றிவிடுங்கள். கைக்குழந்தையோடு இரண்டு வார்டு அலுவலகங்களுக்கு அலைவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பட்டியல், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்க வேண்டும். 1982 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. அட்டையின் நிறமும் அதன்படியே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என மாறுகிறது. நம்மவர்களில் பாட்டனார் காலத்துத் தாள் ஒன்று தொலைந்ததால் பேரன்வரை சிரமப்படுகிற குடும்பங்களை நான் அறிவேன். பழைய தாள்கள் எவையாக இருந்தாலும் நகலெடுத்து, ஒரே வீட்டில் வைக்காமல் உறவினர் ஒருவர் வீட்டிலும் வைத்திருங்கள். பெயர் விஷயத்தில் ஒரு வழி உண்டு. கிழமை எழுத்தும் நட்சத்திர எழுத்தும் ஒத்துப்போகிற இடத்தைத் தேடுங்கள். பிள்ளை ரோகிணி நட்சத்திரத்தில், புதன்கிழமை காலையில் பிறந்தால், ரோகிணிக்குரிய எழுத்துகளிலும் 'வ' உண்டு, புதன் காலைக்குரிய பர்மிய எழுத்துகளிலும் 'வ' உண்டு. ஒரே பெயர் இரண்டு பக்கமும் செல்லும். புதன் மதியத்துக்கு மேல் என்றால் பர்மியருக்கு அது ராகு வேளை, எழுத்தும் வேறு. ஆதலால் பிறந்த நேரத்தைச் சயாமாவிடம் கேட்டு உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

தாட்டோன்

நான் தகப்பன் அல்ல, தாய். மோல்மேன் ஐயாவின் ஆலோசனைகள் பயனுள்ளவை. பெயர் பற்றிச் சொன்னதை என் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால், வாசலில் நிற்பதுதான் தகப்பனின் வேலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்பது மாதம் இருக்கிறது, ஐயா. ஓட்டுநரைத் தவிர காருக்குள் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தாம். கையைப் பிடிக்க வேறு எந்தப் பெண் அங்கே இருந்தாள்?

எனக்கு எட்டாம் மாதம் முடிந்து, வளைகாப்பும் நடந்திருந்தது. பிள்ளை பிறக்கும்முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், என் கணவர் மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் மடித்து, கையாலேயே தைத்து, கொதிநீரில் போட்டு அலசி வைத்திருந்தார். ஒருநாள் மாலை மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் என் பழைய நூல்புடவையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி, இரண்டு வீசை அரிசியை ஒரு பையில் கொட்டி அதற்குள் படுக்க வைத்து, முடிச்சு தாங்குகிறதா என்று ஒரு விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்று யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை பிறக்கும் முன்னே யாராவது தூளி கட்டுவார்களா? வெறுந்தூளி ஆட்டலாமா?" என்று சத்தம் போட்டார். வீட்டிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அரிசியை முதலில் எடுத்து, சிந்தாமல் பானையில் கொட்டிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, புடவையை எட்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மகளுக்கு இப்போது ஏழு வயது. பதினோராம் நாள் தூளியைக் கட்டியவர் என் அண்ணன். என் கணவரைக் கட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தாமுவே, ரங்கூன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. தாட்டோன் சகோதரி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அந்த இரவைப் பற்றி முதன்முறையாக அவளிடம் கேட்டேன். தான் கையை நீட்டியதே அவளுக்கு நினைவில் இல்லை. ஓட்டுநர் உள்விளக்கைப் போட்டதும், "வீட்டு அடுப்பை அணைத்தோமா?" என்று தான் என்னிடம் கேட்டதாகவும், நான் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னாள். எனக்கு அது நினைவில் இல்லை.

ஐப்பசியில் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை. பெகுத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுப் போய் இரத்தம் சோதித்தேன், பி பாசிட்டிவ். கோப்பை இந்தமுறை என் தம்பி வைத்துக்கொள்வான்.