சின்ன பட்ஜெட் போர்ப் படங்களை எதை வைத்து விமர்சிப்பது?

கடைசிவரிசை: பெரிய போர்ப் படம் என்றால் சண்டைக் காட்சி, ஒலி, ஒளிப்பதிவு என்று எதையாவது பிடித்துக்கொண்டு எழுதிவிடலாம். 'டேஞ்சரின்ஸ்' (2013) பார்த்தேன். ஜார்ஜியாவிலிருந்து பிரிய அப்காசியா நடத்திய 1992 போர், பழத்தோட்டம், ஒரு கிழவர் வீட்டில் காயத்தோடு கிடக்கும் இரண்டு எதிரிகள் (அப்காசியர் பக்கம் சண்டையிடும் ஒரு செச்சென், ஒரு ஜார்ஜியன்), அவ்வளவுதான் படமே. ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் "மனதை உலுக்கியது" என்பதைத் தாண்டி ஒரு வரி எழுத வரமாட்டேன் என்கிறது. நீங்கள் எதைக் கவனிப்பீர்கள்?

வெள்ளித்திரை_கிறுக்கன்: அந்தக் கிழவர் செச்சென் வீரனிடம் வாங்கும் வாக்கைக் கவனியுங்கள். என் வீட்டுக்குள் ஜார்ஜியனைக் கொல்லக் கூடாது என்கிறார், செச்செனும் சரி என்கிறான். அதற்கப்புறம் ஜார்ஜியன் வாசலைத் தாண்டினாலே நமக்குப் பதறுகிறது. குண்டே வெடிக்காமல் ஒரு வாசற்படியைப் போர்முனை ஆக்கிவிட்டார்கள். இதை எழுதினாலே பாதி விமர்சனம் முடிந்தது. தயவுசெய்து போரின் வரலாற்றை மூன்று பத்திக்கு ஒட்டாதீர்கள், அதைப் படிக்க யாரும் விமர்சனத்துக்கு வருவதில்லை.

நள்ளிரவுக்காட்சி: நான் பார்ப்பது எதைக் காட்டவில்லை என்பதை. 'சன் ஆஃப் சால்' (2015) நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குள் நடக்கிறது, ஆனால் கேமரா அங்கே கைதியாக இருக்கும் சாலின் முகத்தையும் முதுகையும் விட்டு நகராது, பின்னால் நடப்பதெல்லாம் மங்கலாகவே இருக்கும், காதுதான் மீதியைப் பார்க்கிறது. காசில்லாததால் எடுத்த முடிவு இல்லை அது.

ரீல்பெட்டி: காட்டாமல் விட்டால்தான் நல்ல படம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) நாஜிப் படை பெலாரஸ் கிராமத்தை எரிப்பதை நேருக்கு நேர் காட்டும். கதைநாயகனான பையனின் முகம் படம் முடிவதற்குள் கிழடு தட்டிப்போகிறது! அதை மலிவான அதிர்ச்சி என்பீர்களா? காட்டுகிறாரா மறைக்கிறாரா என்பதைவிட யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்று கேளுங்கள். 'க்வோ வாடிஸ், ஐடா?' (2020) போஸ்னியாவில் நடந்த 1995 ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையை ஐ.நா. மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி பக்கத்தில் நின்று பார்க்கிறது. தனக்கே நம்பிக்கையில்லாத உறுதிமொழிகளை ஊர்க்காரர்களிடம் அவள் வாயால் சொல்ல வேண்டும், அதே நேரம் சொந்தக் கணவனையும் மகன்களையும் காப்பாற்ற அறை அறையாக ஓட வேண்டும்.

கடைசிவரிசை: வாசற்படி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஸ்டார் போடலாமா?

வெள்ளித்திரை_கிறுக்கன்: போடாதீர்கள். அப்புறம் அதைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.